மூணு மணி நேர சிஸ்டர்

எங்கள் கல்லூரியில் சேர வருகிறவர்களுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். பளபளப்பான தாள், தூக்கினால் கை வலிக்கும். அதில் பதினான்காம் பக்கம் ‘மாணவர் வசதிகள்’. உடற்பயிற்சிக் கூடம், ஏ.டி.எம்., ஜெராக்ஸ், கேன்டீன், சலவையகம், இருபத்துநான்கு மணி நேர மருத்துவ மையம், ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். உடற்பயிற்சிக் கூடத்தின் சாவி விளையாட்டு ஆசிரியரிடம் இருக்கிறது, விளையாட்டு ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஏ.டி.எம். இருக்கிறது, அதில் பணம் இருக்காது. சலவைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை நீலமாகத் திரும்பி வரும். ஆம்புலன்ஸ் படத்தில் சக்கரம்கூட மின்னுகிறதே, அந்த வண்டியைக் கழுவியவன் நான். ஓட்டுகிறவனும் நான்தான்.

மருத்துவ மையத்தின் படத்தில், வெள்ளை உடை போட்ட ஓர் அம்மா ஒரு மாணவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மாணவன் மாணவனே இல்லை, அலுவலக கிளார்க். படம் எடுக்க வந்த அன்று விடுமுறை, உட்கார வைக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த அம்மா மட்டும் நிஜம். பதினான்காம் பக்கத்திலேயே ஒழுங்காக வேலை செய்த வசதி அவர் ஒருவர்தான் என்று பல வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான்.

அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘மூணு மணி நேரம்’.

மருத்துவ மையம் என்றால் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. இரண்டு கட்டில், நடுவில் பச்சைத் திரை, எடை பார்க்கும் மெஷின், மருந்து அலமாரி, ஒரு மேஜை, மேஜை மேல் ரெஜிஸ்டர். பின்பக்கம் இன்னொரு சிறிய அறை, அதுதான் சிஸ்டரின் வீடு. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு வருவார், பதினொன்றுக்கு அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்கும். போகும்போது வெற்று மருந்துச் சீட்டில் இருபது முப்பது கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். மீதி ஐந்து நாளும் அந்தக் கையெழுத்துதான் டாக்டர். இருபத்துநான்கு மணி நேரம் என்று கையேட்டில் இருக்கிறதே, அது சிஸ்டர் பின்னறையில் தூங்குகிறார் என்பதன் இன்னொரு பெயர்.

என் வண்டி மைய வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும், அல்லது நிற்க வேண்டும். நிஜத்தில் அது சிறப்பு விருந்தினரை ரயிலடியிலிருந்து கூட்டி வரும், அரங்குக்கு நாற்காலி சுமக்கும், விடுதிக்குக் காய்கறி மூட்டை ஏற்றும். நோயாளியைத் தவிர எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறேன். சும்மா இருக்கும் நேரத்தில் சிஸ்டர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே பொழுது போவதே தெரியாது. மாணவர்கள் காய்ச்சல் கொண்டுவரும் அழகு அப்படி. சூடாக டீ குடித்துவிட்டு வந்து வாயைத் திறப்பான் ஒருவன். அக்குளில் வெங்காயத்தோடு வருவான் இன்னொருவன். சிஸ்டர் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார்.

“வெங்காயத்த கேன்டீன்ல குடுத்துட்டு கிளாசுக்குப் போ. அவங்களாவது சமைப்பாங்க.”

ஆனால் பரீட்சை வந்துவிட்டால் சிஸ்டர் வேறு ஆள். எங்கள் கல்லூரியில் ஒரு விதி. செமஸ்டர் பரீட்சை ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான் எழுத முடியும், காய்ச்சல், விபத்து, எதுவானாலும் சரி. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் காலை எட்டு மணிக்கே சிஸ்டர் அறை திறந்திருக்கும். குளுக்கோஸ் தண்ணீர் கலந்து வைத்திருப்பார். வாந்தி வந்தவனுக்கு ஒரு மாத்திரை, வயிற்றுவலிக்காரிக்கு ஓர் ஊசி, மயங்கி விழுந்தவளுக்கு முகத்தில் தண்ணீர். பிறகு தானே தோளைப் பிடித்துப் பரீட்சை ஹால்வரை கூட்டிப் போவார். கண்காணிப்பாளரிடம் கெஞ்சிக் கதவோரமாக இடம் வாங்கிக் கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே வார்த்தை.

“மூணு மணி நேரம் தாங்கிக்கோ. அப்புறம் படுத்துக்கலாம். ஒரு வருஷத்த விட்டுடாத.”

இந்த வெறிக்குக் காரணம் இருந்தது. சிஸ்டர் நர்ஸ் படிப்பு படித்தபோது கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் டைஃபாய்டு. தலையைத் தூக்க முடியவில்லை. யாராவது ஓர் ஊசியைப் போட்டுத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்திருந்தால் எழுதியிருப்பேன் என்பார். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்ந்துவிட்டார்கள். இவர் ஒரு வருடம் காத்திருந்து எழுதித் தேறியபோது அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களில் காலம் போனது. கல்யாணம் ஆகி நாலு வருடத்தில் புருஷனும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. கடைசியில் இந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் வந்து ஒதுங்கினார்.

“ஒரு நாள் காய்ச்சல் தம்பி, என் வாழ்க்கைய வேற பக்கமா திருப்பி விட்டுடுச்சு,” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் நேற்று நடந்த மாதிரி முகம் சிவக்கும்.

பத்து வருடம் உடம்பு சரியில்லை என்று ஒரு பிள்ளைகூடப் பரீட்சையை விடவில்லை. முதல்வர் இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லுவார். தானே ஊசி போட்ட மாதிரி சொல்லுவார்.

சிஸ்டருக்கு ஒரே ஒரு தங்கை. ஊரின் மறு கோடியில் வாடகை வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவர். அவரும் புருஷன் துணை இல்லாதவர்தான், ஆனால் அது ஓடிப்போன கேஸ். அவருக்கு ஒரு பெண். அந்தப் பெண்ணை எங்கள் கல்லூரியில் சேர்த்து, விடுதியில் விட வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, இங்க நீ இருக்கேங்கற ஒரே தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன். எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்.”

“பைத்தியம். என் கண்ணு முன்னாடி இருக்கப்போறா, உனக்கென்ன?” என்றார் சிஸ்டர். பிறகு பெண்ணிடம் திரும்பி, “காலேஜுக்குள்ள பெரியம்மான்னு கூப்பிடக் கூடாது. சிஸ்டர். ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க,” என்றார்.

நல்ல பெண். அதிகம் பேசாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறையில் வந்து பெரியம்மாவோடு சாப்பிடும். சாப்பிட்ட தட்டோடு என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைக்கும். சொல்லாமல் கொள்ளாமல் செய்கிற பிள்ளை. இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

இரண்டாம் வருடக் கடைசிப் பரீட்சை. காலை எட்டே முக்கால் இருக்கும். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்தபடி வந்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்து வழி விட்டேன். முகம் வெளுத்திருந்தது. உள்ளே போனதும் சிஸ்டர் திரையை இழுத்துவிட்டார். அதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, தாளாளர் வீட்டுக்குப் புது மெத்தை வந்திருக்கிறது, கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும், வண்டியை எடு என்றான். தாளாளர் என்றால் கல்லூரியின் முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸின் நீளத்துக்கு அந்த மெத்தை அச்சாகப் பொருந்தும் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் போய்விட்டேன். திரைக்குப் பின்னால் நடந்தது எனக்குச் சிஸ்டர் பிறகு சொன்னதுதான். தொப்புளைச் சுற்றி வலி இருந்ததாம், வலப் பக்கமாக இறங்கத் தொடங்கியிருந்ததாம். பரீட்சை போய்விடும் என்று பெண் அழுததாம். வலி நிற்க ஊசி போட்டு, அரை மணி படுக்க வைத்து, வழக்கம்போலத் தோளைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப் போனாராம்.

“மூணு மணி நேரம் தாங்கிக்கோடி.”

தாங்கிக்கொண்டது. முழுப் பரீட்சையையும் எழுதிவிட்டு, வலியே இல்லை என்று சொல்லிவிட்டு, விடுதியில் போய்ப் படுத்துக்கொண்டது. சிஸ்டருக்கு அன்று இன்னும் ஒன்பது பேர். ஊசி வலியைத்தான் அமுக்கியது, வியாதியை இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வார்டன் அம்மா ஓடி வந்தபோது பெண்ணுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, வயிறு பலகையாக இருந்தது, நினைவு வந்து வந்து போனது. குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டிருந்தது.

அப்போது ஆம்புலன்ஸ் எங்கே? தாளாளர் வீட்டு வாசலில். காலையில் கொண்டுபோன மெத்தை அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை, மாற்றி வேறு மெத்தை எடுத்து வரச் சொன்னார்கள். போன் பையில் அடித்தது. மெத்தையின் ஒரு முனை என் தலை மேல், மறு முனை வாட்ச்மேன் தலை மேல், மாடிப்படியில் நிற்கிறேன். எப்படி எடுப்பேன்? சிஸ்டர் ஒரு மணி நேரம் எனக்காகக் காத்திருந்துவிட்டு, வாடகை காரில் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு போனார். அந்த ஒரு மணி நேரத்தை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

பிழைத்துக்கொண்டது. இரண்டு ஆபரேஷன், நாற்பது நாள் ஆஸ்பத்திரி. உள்ளே சீழ் பரவி என்னென்னவோ ஆகிவிட்டது. இனிமேல் குழந்தை உண்டாவது கஷ்டம் என்று பெரிய டாக்டர் ஒருவர், இருபது வயதுப் பெண்ணின் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் முதல்வர் சிஸ்டரையும் என்னையும் கூப்பிட்டார். கிளார்க் ரெஜிஸ்டரோடு நின்றிருந்தான், கையேட்டில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறானே, அவனேதான். ரெஜிஸ்டரில் சிஸ்டர் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்: வயிற்றுவலி, ஊசி போடப்பட்டது, தேர்வுக்கு அனுப்பப்பட்டார்.

“டாக்டர் இல்லாம ஊசி போட்டிருக்கீங்க,” என்றார் முதல்வர். குரலை உயர்த்தவே இல்லை. “இது வெளிய போனா காலேஜுக்குக் கெட்ட பேரு, அது போகட்டும். நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. தங்கச்சி பொண்ணு வேற. யோசிச்சுப் பாருங்க. தலைவலின்னு வந்தா, மாத்திர குடுத்தேன். வயித்துவலிய அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல. அவ்வளவுதான்.”

பத்து வருடமாகத் தெரிந்தே நடந்த ஊசிக்கு அன்றைக்குத்தான் டாக்டர் தேவைப்பட்டார். கிளார்க் புதுப் பக்கம் ஒட்டிக் கொண்டுவந்தான். சிஸ்டர் அன்றைய பத்துப் பேரையும் முதலிலிருந்து எழுதினார். தன் தங்கை பெண்ணின் பெயருக்கு எதிரே தலைவலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் வண்டியின் பதிவேட்டை நீட்டினார்கள். ‘நாள் முழுவதும் வாயிலில்’ என்று நானும் எழுதினேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று அப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். குடும்பம் எல்லாருக்கும்தான் இருக்கிறது.

தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

“உன்கிட்ட வந்தாளா அக்கா அன்னைக்கு?”

“தலைவலின்னு வந்தா. வயிறு வலிக்குதுன்னு சொல்லவே இல்லடி.”

தங்கை தலையில் அடித்துக்கொண்டார். அன்று தொடங்கியது அந்தப் பெண்ணுக்குத் திட்டு. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய், பெரியம்மா பக்கத்திலேயே இருந்தாளே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன, பரீட்சைதான் பெரிசாகப் போய்விட்டதா, உன் வாழ்க்கையை நீயே கெடுத்துக்கொண்டாயே. கட்டிலில் கிடந்த பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. இல்லை அம்மா, சொன்னேன் என்று ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு அம்மாவுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஒரு வருடம் அந்தத் திட்டை வாங்கியது.

சிஸ்டர் மாதம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போவார். திரும்பி வந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

“இன்னைக்கும் திட்டினா தம்பி. என் முன்னாடியே திட்டினா. நான் ஆரஞ்சுப் பழத்த உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“சொல்லிடுங்களேன் சிஸ்டர்.”

“அடுத்த மாசம் போறப்ப சொல்லிடறேன்.”

இப்படிப் பதினோரு அடுத்த மாசம் போயிற்று.

நடுவில் ஆண்டு விழா வந்தது. பத்தாண்டுகளாக ஒரு மாணவர்கூட நோயால் தேர்வைத் தவறவிடாதபடி பார்த்துக்கொண்டதற்காகச் சிஸ்டருக்குக் கேடயம். அந்தப் பத்தாண்டுக் கணக்கில் தங்கை பெண்ணும் சேர்த்திதான். அது பரீட்சையைத் தவறவிடவில்லையே, எழுதிவிட்டுத்தானே போய் விழுந்தது. அந்தப் பேப்பரில் எண்பத்தொரு மார்க்கும் வாங்கியிருந்தது. மேடையில் சிஸ்டர் கேடயத்தை வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கேடயத்தை அறைக்குக் கொண்டுவந்து, மருந்து அலமாரி ஆடாமல் இருக்க அதன் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் பரீட்சை வந்தது. சிஸ்டர் ஊசியைத் தொடவில்லை. தலைவலி, வாந்தி என்றால் மாத்திரை, வயிற்றுவலி என்றால் ஆஸ்பத்திரி என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டார். மூன்றாம் நாள் கடைசி வருடப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது, இந்தப் பரீட்சையை முடித்தால் அடுத்த வாரம் சேர வேண்டியது.

“சிஸ்டர், ஒரே ஒரு ஊசி. மூணு மணி நேரம் தாங்கினாப் போதும். நீங்கதானே சொல்வீங்க?”

அந்த வார்த்தையைக் கேட்டதும் சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “தம்பி, வண்டிய எடுங்க,” என்று என்னிடம் கத்தினார். அதிசயமாக அன்று வண்டி மரத்தடியில் நின்றது. பையன் ஏற மாட்டேன் என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழுதான், கையெடுத்துக் கும்பிட்டான். சிஸ்டர் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். இருவரையும் ஏற்றிக்கொண்டு நான் பறந்தேன். ஒன்பது வருடத்தில் அந்த வண்டியின் சைரன் ஒரு நோயாளிக்காகக் கத்தியது அதுவே முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன், ரத்தம், எல்லாம். ஒன்றும் இல்லை. வாயு. பன்னிரண்டரை மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்தான். பரீட்சை ஒரு மணிக்கு முடிந்துவிடும். ஒரு வருடம் போயிற்று, வேலையும் போயிற்று. திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கும்போது சிஸ்டரைப் பார்த்து, “நல்லா இருங்க,” என்றான். அந்த இரண்டு வார்த்தைக்கு அவன் நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவன் அப்பா வந்து அலுவலகத்தை இரண்டாக்கினார். அதற்கு மறுநாள் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வரும் இன்னும் இருவரும், இந்தப் பக்கம் சிஸ்டர். என்னை வாசலில் நிற்க வைத்திருந்தார்கள்.

“பத்து வருஷம் நல்லாத்தானே பாத்துக்கிட்டீங்க? இந்த வருஷம் என்ன ஆச்சு?” என்றார் முதல்வர்.

“போன வருஷம் ஊசி போட்டு ஒரு பொண்ணோட வாழ்க்கைய கெடுத்தேன் சார். உங்களுக்கே தெரியும்.”

முதல்வர் ரெஜிஸ்டரைத் திருப்பி நிதானமாக அவர் முன்னால் நகர்த்தினார்.

“இதுல தலைவலின்னு இருக்கு. மாத்திரன்னு இருக்கு. கையெழுத்து உங்களோடதுதானே?”

சிஸ்டர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “டிரைவரக் கேளுங்க சார். அன்னைக்கு வண்டி எங்க இருந்துச்சுன்னு அவர் சொல்லட்டும்.”

கேட்டார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மெத்தை என்ற ஒரே சொல், தொண்டைவரைக்கும் வந்தது.

“வாசல்லதான் சார் நின்னுச்சு,” என்றேன்.

சிஸ்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சாயங்காலத்துக்குள் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மாணவர் நலனுக்குக் குந்தகம் விளைவித்தார் என்று கடிதம். பின்னறையைக் காலி செய்ய ஒரு நாள் அவகாசம். ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு வாளி, அவ்வளவுதான் அவர் சாமான். யாரிடமும் கேட்காமல் நானே வண்டியில் ஏற்றினேன். அதற்கும் மெமோ வந்தது, அது வேறு கதை.

“எங்க சிஸ்டர் போறது?”

“தங்கச்சி வீட்டுக்கு. வேற எங்க போவேன்? இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். சொல்லிட்டு அவ கால்ல விழறேன். கூடப் பொறந்தவதானே.”

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

பகல் மூன்று மணி. முன்னறையில் தங்கை மெஷினில் உட்கார்ந்திருந்தார். பெண் தரையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தது. நான் பெட்டியை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தேன். பெட்டியைப் பார்த்த தங்கைக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

“வேலைய விட்டுட்டியா அக்கா? பரவால்ல, இங்கயே இரு. இருக்கறத மூணு பேரும் சாப்பிடலாம்,” என்று எழுந்தார்.

“உக்காரு. மொதல்ல நான் சொல்றதக் கேளு,” என்றார் சிஸ்டர்.

சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். வந்தது தலைவலிக்கு இல்லை, வயிற்றுவலிக்கு. தொட்டுப் பார்த்தபோதே தனக்குச் சந்தேகம் தட்டியது. டாக்டர் இல்லை, தானே ஊசி போட்டது. ரெஜிஸ்டரை மாற்றி எழுதியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது பொய். தங்கை மெஷினின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை, “ஒரு வருஷமா இவளத் திட்டிக்கிட்டு இருந்தேனே,” என்று மட்டும் சொன்னார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

“தப்புதான்டி. ஆனா கெட்ட எண்ணத்துல செய்யல. பரீட்ச போயிடும்னு புள்ள அப்படி அழுதா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. அவ வருஷம் வீணாயிடக் கூடாதுன்னுதான்...”

தங்கையின் முகம் இளகுவதை நான் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அக்காவின் கையைப் பிடிக்கக் கையை நீட்டக்கூடச் செய்தார்.

தரையில் இருந்த பெண் கொக்கி வைப்பதை நிறுத்தியது. தலையை நிமிர்த்தவில்லை.

“நான் பரீட்சைக்கு அழல பெரியம்மா.”

தங்கையின் கை நடுவழியில் நின்றது.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அழுதேன். மூணு தடவ சொன்னேன். அம்மாவுக்குப் போன் பண்ணுங்கன்னுகூடச் சொன்னேன். நீங்கதான் ஒரு வருஷம் போயிடும், ஒரு வருஷம் போயிடும்னு சொல்லிக்கிட்டே ஊசி போட்டீங்க.”

குரலில் கோபம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டு மறுபடியும் ஊசியில் நூலைக் கோக்கத் தொடங்கியது.

நான் சிஸ்டரின் முகத்தையே பார்த்தேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன், மறுக்கவில்லை. எனக்கும் சரி, தன் மனசுக்கும் சரி, ஒரு வருடமாக அந்த அழுகைக்குக் காரணத்தை மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். ரெஜிஸ்டரில் எழுதிய தலைவலியை முதல்வர் எழுதச் சொன்னார், இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

நீட்டிய கையைத் தங்கை மடியில் வைத்துக்கொண்டார். அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“டிரைவர், அந்தப் பெட்டிய எடுத்து வண்டியிலேயே வச்சிடுங்க.”

நான் சிஸ்டரைப் பார்த்தேன். எடுங்கள் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். உள்ளே வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன்.